பிரிட்டனில் கவுன்சில் வரிப் பிரிவு தவறாக உள்ளதா? எதிர்த்து முறையிடுவது எப்படி?

புதுடெல்லி: பிரிட்டனில் வாடகைக்கோ சொந்தமாகவோ வீடு பிடித்துக் குடியேறுவோருக்கு உள்ளூர் மன்றத்திடமிருந்து வரும் முக்கியக் கடிதங்களில் ஒன்று, கவுன்சில் வரிக்கான கேட்பு அறிவிப்பு. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டுகளைத் தொடும் இந்த வரியின் அளவை வீட்டுக்கு இடப்பட்டிருக்கும் ஓர் ஆங்கில எழுத்து தீர்மானிக்கிறது. இங்கிலாந்தில் அது ஏ முதல் எச் வரையிலான எட்டு எழுத்துகளில் ஒன்றாக இருக்கும். 'பேண்ட்' எனப்படும் இந்தப் பிரிவு தவறாக இடப்பட்டிருந்தால் அதை எதிர்த்து முறையிடச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

ஆனால், ஒரு வீட்டுக்குப் புதிதாக வரி செலுத்தத் தொடங்குபவர் முழுமையான சட்ட உரிமையுடன் முறையிடுவதற்கான அவகாசம் ஆறு மாதங்கள் மட்டுமே. வங்கிக் கணக்கு, தேசியக் காப்பீட்டு எண், குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை என அலையும் முதல் ஆறு மாதங்களும் அதுவேதான். மருத்துவம், செவிலியம், தகவல் தொழில்நுட்பம் ஆகிய பணிகளுக்காக இந்தியாவிலிருந்து சென்று, ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் போன்ற பகுதிகளில் குடியேறும் தமிழர்களுக்கு இந்த அவகாசம் இருப்பதே தெரியாமல் போய்விடுவதுண்டு.

இந்தியாவில் சொத்து வரி வீட்டின் உரிமையாளரைச் சேர்ந்தது. பிரிட்டனில் கவுன்சில் வரி பெரும்பாலும் வீட்டில் குடியிருப்பவரைச் சேர்ந்தது. வாடகைதாரராக இருந்தாலும் அறிவிப்பு அவர் பெயரிலேயே வரும். பிரிவை எதிர்த்து முறையிடும் உரிமையும் அவருக்கு உண்டு. இதை அறியாமல், 'வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும்' என்று காத்திருந்து அவகாசத்தைத் தவறவிடத் தேவையில்லை.

1991ஆம் ஆண்டின் விலை

இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பிரிவு அதன் இன்றைய விலையைக் கொண்டு முடிவு செய்யப்படுவதில்லை. 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு வெளிச்சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணக்கே அடிப்படை. கடந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இதே விதிதான். இல்லாத கட்டடம் 1991இல் இருந்ததாகக் கற்பனை செய்துகொண்டு அதற்கு விலை வைக்கிறார்கள்.

இந்த விசித்திரத்துக்கு ஓர் அரசியல் பின்னணி உண்டு. மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தபோது, வீட்டின் மதிப்பைப் பாராமல் வயது வந்த ஒவ்வொருவரிடமும் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வரி கொண்டுவரப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1989இலும், இங்கிலாந்து, வேல்ஸில் 1990இலும் அது நடைமுறைக்கு வந்தது. மாளிகையில் வாழ்பவரும் ஓரறை வீட்டில் வாழ்பவரும் ஒரே தொகை செலுத்த வேண்டிய அந்த ஏற்பாடு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1990 மார்ச் 31 அன்று லண்டனின் டிராஃபால்கர் சதுக்கத்தில் நடந்த போராட்டம் கலவரமாக மாறியது. அதே ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். தலைவரிக்கு மாற்றாக அவசர அவசரமாக உருவாக்கப்பட்டதே கவுன்சில் வரி. 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின்படி, 1993 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

குறுகிய காலத்தில் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் மதிப்புப் போட வேண்டியிருந்ததால், அந்தப் பணியில் ஒரு பகுதி தனியார் மதிப்பீட்டாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டுக்குள் நுழையாமல், காரை மெதுவாக ஓட்டியபடியே தெருவின் இருபுறமும் பார்த்துப் பிரிவைக் குறித்துக்கொண்டு போனதாக அவர்களைப் பற்றிச் சொல்வதுண்டு. 'இரண்டாம் கியர் மதிப்பீடு' என்ற கேலிப் பெயர் இன்றளவும் நிலைத்திருக்கிறது. அப்போது நேர்ந்த பிழைகள் பல, யாரும் கேட்காததால், இன்னும் பட்டியலில் அப்படியே தொடர்கின்றன.

இங்கிலாந்தில் 2007இல் மறுமதிப்பீடு நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. வரி உயருமோ என்ற மக்களின் அச்சத்தைக் கண்டு அரசு பின்வாங்கியது. 2006இல் சட்டம் இயற்றி அதை ஒத்திவைத்தது. அதன்பின் எந்தக் கட்சியின் அரசும் இதில் கைவைக்கத் துணியவில்லை.

எந்தப் பிரிவுக்கு எவ்வளவு?

1991 விலைப்படி 40,000 பவுண்டு வரை மதிப்புள்ள வீடுகள் ஏ பிரிவு. 52,000 வரை பி, 68,000 வரை சி, 88,000 வரை டி, 1,20,000 வரை இ, 1,60,000 வரை எஃப், 3,20,000 வரை ஜி, அதற்கு மேற்பட்டவை எச். இன்றைய லண்டன் விலைகளோடு ஒப்பிட்டால் இந்த எண்கள் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் வரி இன்னும் இவற்றின் மீதுதான் நிற்கிறது.

டி பிரிவே அளவுகோல். ஒவ்வொரு மன்றமும் டி பிரிவுக்கான தொகையை முடிவு செய்யும். மற்றவை அதிலிருந்து ஒன்பதில் இத்தனை பங்கு என்று கணக்கிடப்படும். ஏ பிரிவு அதில் ஒன்பதில் ஆறு பங்கு, எச் அதைப்போல் இரு மடங்கு. 2025-26ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டி பிரிவின் சராசரி வரி 2,280 பவுண்டு. அதன்படி ஏ பிரிவுக்கு 1,520, சி பிரிவுக்குச் சுமார் 2,027, இ பிரிவுக்குச் சுமார் 2,787, எச் பிரிவுக்கு 4,560 பவுண்டு வருகிறது. மன்றத்துக்கு மன்றம் தொகை பெரிதும் மாறும்; வெஸ்ட்மின்ஸ்டர், வாண்ட்ஸ்வொர்த் ஆகிய லண்டன் மன்றங்களில் வரி மிகக் குறைவு.

ஒரு பிரிவு தவறினால் என்ன இழப்பு என்பது இதிலிருந்தே புரியும். டி பிரிவில் இருக்க வேண்டிய வீடு இ பிரிவில் இருந்தால், சராசரிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 507 பவுண்டு கூடுதலாகப் போகிறது. சி பிரிவுக்கும் டி பிரிவுக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 253 பவுண்டு. பிரிவு குறைக்கப்பட்டால், அந்த வீட்டில் குடியேறி வரி செலுத்தத் தொடங்கிய நாள் வரை பின்னோக்கிக் கணக்கிட்டு, அதிகமாகச் செலுத்திய தொகையை மன்றம் திருப்பித் தரும் அல்லது வரும் தவணைகளில் கழித்துக்கொள்ளும். 1993 முதல் ஒரே வீட்டில் இருப்பவருக்கு அந்த ஆண்டு வரை கணக்குப் பின்னோக்கிச் செல்லலாம்.

முன்மொழிவும் மறுஆய்வும்

பிரிவை முடிவு செய்வது மன்றம் அன்று. இங்கிலாந்து, வேல்ஸில் அந்த வேலை வருவாய்த் துறையைச் சார்ந்த மதிப்பீட்டு அலுவலக முகமையைச் சேர்ந்தது. ஆகவே பிரிவு தவறு என்று மன்ற அலுவலகத்தில் போய் முறையிடுவதால் பயனில்லை. அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் எந்த வீட்டின் பிரிவையும் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்க முடியும். அண்டை வீடுகளின் பிரிவும் அதே பக்கத்தில் தெரியும்.

முகமையிடம் இரண்டு விதமாக முறையிடலாம். இவற்றின் வேறுபாட்டை அறியாமல் விண்ணப்பிப்பதுதான் பலரும் சறுக்கும் இடம்.

முதலாவது, சட்டப்படியான முன்மொழிவு. ஒரு வீட்டுக்கு முதன்முறையாக வரி செலுத்துபவராகி ஆறு மாதங்களுக்குள் இதைச் செய்யலாம். முகமை தானாகவே பிரிவை மாற்றியிருந்தால், அந்த மாற்றத்திலிருந்து ஆறு மாதங்களுக்குள் செய்யலாம். வீட்டின் ஒரு பகுதி இடிக்கப்பட்டாலோ, ஒரு வீடு பல குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டாலோ, பல ஒன்றாக இணைக்கப்பட்டாலோ, சுற்றுப்புறத்தில் விலையைப் பாதிக்கும் பௌதிக மாற்றம் ஏதும் நேர்ந்தாலோ, இந்தக் கால வரம்பு பொருந்தாது. முன்மொழிவு செல்லுபடியாகும் எனில், முகமை அதை ஆராய்ந்து எழுத்துமூலம் முடிவு தர வேண்டும். அந்த முடிவை எதிர்த்து, முகமையிடமிருந்து சுதந்திரமாக இயங்கும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் உரிமையும் வரி செலுத்துபவருக்குக் கிடைக்கிறது.

இரண்டாவது, பிரிவு மறுஆய்வுக் கோரிக்கை. ஆறு மாதங்கள் கடந்தவர்களுக்கு எஞ்சியிருப்பது இதுவே. பிரிவு தவறு என்பதற்கு வலுவான சான்றுகளை விண்ணப்பதாரரே முன்வைக்க வேண்டும். சான்று போதாது என்று முகமை கருதினால் ஆய்வையே தொடங்காமல் விட்டுவிடலாம். மறுஆய்வின் முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குச் செல்லவும் முடியாது. சுருங்கச் சொன்னால், முன்மொழிவு உரிமை; மறுஆய்வு வேண்டுகோள். இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவரும் வேண்டுகோள் விடுத்து வெற்றி பெற்றதுண்டு என்றாலும், ஆறு மாத அவகாசம் கையில் இருக்கும்போது அதை வீணாக்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

எதைச் சான்றாக ஏற்பார்கள்?

முகமை இரண்டு வகைச் சான்றுகளைக் கேட்கிறது. ஒன்று, ஒத்த வீடுகள். அதே வயது, அதே கட்டட வகை, அதே அளவு, அதே தெரு அல்லது பக்கத்துத் தெரு, ஆனால் குறைந்த பிரிவு என்று அதிகபட்சம் ஐந்து வீடுகளின் முகவரிகளைத் தரலாம். இரு வீடுகள் ஒரு சுவரைப் பகிரும் இரட்டை வீட்டையும், இருபுறமும் சுவரைப் பகிரும் வரிசை வீட்டையும், தனித்து நிற்கும் வீட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் அது சான்று ஆகாது.

இங்குப் பலர் படுக்கையறைகளை மட்டும் எண்ணிப் பார்த்து முறையிட்டுத் தோற்கிறார்கள். 'என் வீட்டிலும் மூன்று அறை, எதிர்வீட்டிலும் மூன்று அறை' என்பது போதாது. மதிப்பீட்டாளர்கள் பரப்பளவைப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டின் பரப்பளவை எப்படி அறிவது என்ற கேள்விக்கு ஓர் எளிய விடை உண்டு. விற்கப்படும் அல்லது வாடகைக்கு விடப்படும் வீடுகளுக்கு எரிசக்திச் செயல்திறன் சான்றிதழ் பெற வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. அந்தச் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் வீட்டின் உட்பரப்பும் சதுர மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். தனி வீடுகளின் பரப்பை முகமை வெளிச்சுவரிலிருந்து அளப்பதால் அதன் எண்ணோடு இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் இரு வீடுகளின் சான்றிதழ்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எது பெரியது என்பது தெளிவாகிவிடும்.

இரண்டாவது வகைச் சான்று, விற்பனை விலை. இங்கிலாந்துக்கு 1989 ஏப்ரல் 1 முதல் 1993 மார்ச் 31 வரையிலான காலத்தில் அதே வீடோ ஒத்த வீடோ விற்ற விலையை முகமை ஏற்கிறது. சிக்கல் என்னவென்றால், நிலப் பதிவகத்தின் விலைத் தரவு இணையத்தில் 1995இலிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தைய விலைகளுக்குப் பழைய பத்திரங்களையும், அந்தத் தெருவில் நெடுங்காலமாக வாழும் முதியவர்களையும், உள்ளூர் நூலகத்தில் உள்ள பழைய நாளிதழ்களின் வீட்டு விளம்பரங்களையும் தேட வேண்டும். விளம்பரத்தில் இருப்பது கேட்ட விலையே தவிர விற்ற விலை அன்று என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டு விலைக் குறியீடுகளைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடும் வசதி இணையத்தில் உண்டு. தன் சந்தேகம் சரியா என்று ஒருவர் தமக்குள் சோதித்துக்கொள்ள அது உதவும். ஆனால் அத்தகைய சராசரிக் கணக்குகளைச் சான்றாக ஏற்பதில்லை என்று முகமை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதில் இன்னொரு வழுக்கலும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1989 வாக்கில் உச்சத்தைத் தொட்ட வீட்டு விலைகள் அதன்பின் சரிந்து, 1990களின் நடுப்பகுதி வரை மந்தமாகவே இருந்தன. ஆகவே ஒரு வீடு 1995இல் 65,000 பவுண்டுக்கு விற்றதைக் கண்டுபிடித்து, 'அப்படியானால் 1991இல் இதைவிடக் குறைவாகத்தானே இருந்திருக்கும், இது சி பிரிவுதான்' என்று முடிவு கட்டினால் தவறாகப் போகக்கூடும். 1991இல் அதே வீடு அதைவிட அதிக விலைக்கு மதிப்பிடப்பட்டிருக்கலாம்.

வீடு பாழடைந்து கிடந்தது, கூரை ஒழுகியது போன்ற வாதங்களும் எடுபடுவதில்லை. வீடு நியாயமான அளவு பழுதுபார்க்கப்பட்ட நிலையில், ஆளில்லாமல் காலியாக, விற்க விரும்பும் ஒருவரால் வெளிச்சந்தையில் விற்கப்படுகிறது என்று கருதிக்கொண்டே மதிப்பிட வேண்டும் என்கின்றன 1992ஆம் ஆண்டு விதிகள். வரி செலுத்துபவரின் வருமானமும் இதில் கணக்கில் வராது. அதற்கு வேறு வழிகள் உண்டு, அவை பின்னர்.

குறையும் என்று கேட்டால் ஏறவும் கூடும்

முறையீட்டின் முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: பிரிவு குறையலாம், மாறாதிருக்கலாம், உயரவும் செய்யலாம். இந்த மூன்றாவது வாய்ப்பை விளம்பரங்கள் சொல்வதில்லை. பட்டியலைச் சரியாக வைத்திருப்பது முகமையின் கடமை என்பதால், ஆராயும்போது விண்ணப்பதாரரின் வீடு உண்மையில் இன்னும் உயர்ந்த பிரிவில் இருக்க வேண்டியது என்று தெரிந்தால் அதை உயர்த்த அதற்கு அதிகாரம் உண்டு. அதைவிடச் சங்கடமானது, விண்ணப்பதாரரின் பிரிவு சரி, அவர் சுட்டிக்காட்டிய அண்டை வீடுகளின் பிரிவுதான் தவறு என்று முடிவாவது. அப்போது அண்டை வீட்டாரின் வரி உயரக்கூடும். பிழைத் திருத்தமாக உயர்த்தப்படும் பிரிவு முன்தேதியிட்டு வசூலிக்கப்படுவதில்லை என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் அந்தத் தெருவில் தொடர்ந்து முகம் பார்த்து வாழ வேண்டியவருக்கு அந்த ஆறுதல் எவ்வளவு உதவும் என்பது வேறு விஷயம்.

இதனால்தான், பணச் சிக்கனம் குறித்து எழுதியும் பேசியும் பிரிட்டனில் பெயர் பெற்ற பத்திரிகையாளர் மார்ட்டின் லூயிஸ், இரண்டு சோதனைகளையும் செய்து பார்க்கச் சொல்கிறார். அண்டை வீடுகளின் பிரிவு குறைவாக இருக்க வேண்டும். 1991 விலைக் கணக்கும் குறைந்த பிரிவையே காட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் முறையிடுவது நல்லது என்பது அவரது அறிவுரை. அண்டை வீடுகளின் பிரிவு மட்டும் குறைவாக இருந்து, விலைக் கணக்கு ஒத்துவராவிட்டால், தவறு அவர்கள் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வீட்டை விரிவாக்கியவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். பின்புறம் ஓர் அறை கட்டினாலோ, மாடியில் பரணை அறையாக மாற்றினாலோ, அந்த உரிமையாளர் இருக்கும்வரை பிரிவு உயர்த்தப்படுவதில்லை. வீடு விற்கப்பட்ட பிறகே அது மறுபரிசீலனைக்கு வரும். வாங்கியவர் குடியேறிச் சில மாதங்களில் பிரிவு உயர்ந்துவிட்டதாகக் கடிதம் பெறுவது இதனால்தான். வீடு வாங்குவதற்கு முன் பட்டியலில் அந்த வீட்டுக்கு எதிரே 'மேம்பாட்டுக் குறியீடு' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அதிர்ச்சியைத் தவிர்க்கும். அப்படி உயர்த்தப்பட்டால் அதை எதிர்க்க ஆறு மாத அவகாசம் புதிதாகத் தொடங்குகிறது.

தீர்ப்பாயத்தில் என்ன நடக்கும்?

முன்மொழிவு நிராகரிக்கப்பட்டால், முடிவு அறிவிப்பிலிருந்து மூன்று மாதங்களுக்குள் இங்கிலாந்தின் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். இதற்கும் கட்டணமில்லை. வழக்கறிஞர் தேவையில்லை, தாமே வாதிடலாம், நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். தீர்ப்பாயத்தின் உறுப்பினர்கள் தன்னார்வலர்கள். சட்ட நுணுக்கங்களில் அவர்களுக்கு உதவ ஓர் எழுத்தர் இருப்பார். தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவை ஏற்க வேண்டியதில்லை. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல முடியும், ஆனால் சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. அங்குச் செலவும் அபாயமும் அதிகம்.

தீர்ப்பாயம் எடைபோடுவது பெரும்பாலும் 1991க்கு அண்மையில் நடந்த விற்பனைகளை. அவற்றுக்கு அடுத்தே அண்டை வீடுகளின் பிரிவு. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தெரு முழுவதும் எவரும் எதிர்க்காத பிரிவு நிலைத்திருந்தால், அதற்கும் ஒரு கனம் உண்டு.

வழக்கு நடக்கும் காலம் முழுவதும் வரியைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இது பலருக்கும் புரியாத, ஆனால் மிக ஆபத்தான இடம். 'முறையிட்டிருக்கிறேன், முடிவு வரட்டும்' என்று தவணைகளை நிறுத்தினால், மன்றம் நினைவூட்டல் அனுப்பும். அதன்பிறகும் செலுத்தாவிட்டால் தவணை வசதி ரத்தாகி, எஞ்சிய ஆண்டுத் தொகை முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்கும். பின்னர் நீதிமன்றத்தில் பொறுப்பு ஆணை பெறும். அதன் மூலம் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாம், பொருள்களை ஜப்தி செய்யும் முகவர்களை அனுப்பலாம். வேண்டுமென்றே செலுத்த மறுப்பவர்களை மூன்று மாதம் வரை சிறையில் அடைக்க இங்கிலாந்துச் சட்டம் இன்னும் இடம் தருகிறது. வேல்ஸ் 2019இல் இந்தத் தண்டனையை நீக்கிவிட்டது.

பகிர்ந்து வாழ்வோர், மாணவர்கள், விசாவில் இருப்போர்

இந்தியாவிலிருந்து செல்வோரில் பெரும்பகுதியினர் முதலில் தங்குவது பலர் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில். ஒரு வீட்டின் ஒவ்வோர் அறையும் தனித்தனிக் குடியிருப்பு என்று கருதப்பட்டு, ஒவ்வோர் அறைக்கும் ஏ பிரிவு இடப்பட்டு, அறைவாசிகளுக்குத் தனித்தனி வரி அறிவிப்பு வந்த கொடுமை முன்பு இருந்தது. 2023 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்தில் விதி மாற்றப்பட்டது. சமையலறை, குளியலறை போன்றவற்றைப் பகிர்ந்து, வெவ்வேறு குடும்பத்தினர் வாழும் வீட்டை ஒரே குடியிருப்பாகவே கருத வேண்டும். அதன் வரிக்கு உரிமையாளரே பொறுப்பு. முழுமையான தனிக் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்ட கட்டடங்களுக்கு இது பொருந்தாது. பகிர்ந்து வாழும் வீட்டில் தன் அறைக்கு மட்டும் இன்னும் தனி வரி அறிவிப்பு வந்துகொண்டிருந்தால், முகமையிடம் உடனே தெரிவிக்கலாம்.

முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் அது தானாக வராது, மன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். மாணவரின் வாழ்க்கைத்துணை பிரிட்டன் குடியுரிமை இல்லாதவராகவும், விசா நிபந்தனைப்படி வேலை பார்க்கவோ அரசு உதவித்தொகை பெறவோ தடை உள்ளவராகவும் இருந்தால் அவரும் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. வீட்டில் வயது வந்த ஒருவர் மட்டும் வாழ்ந்தால் 25 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். மாற்றுத்திறனாளிக்காக வீட்டில் தனி அறையோ கூடுதல் குளியலறையோ அமைக்கப்பட்டிருந்தால், ஒரு பிரிவு குறைத்து வரி கணக்கிடும் ஏற்பாடும் உண்டு.

விசாவில் இருப்போர் இங்கு ஒரு வேறுபாட்டை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். 'பொது நிதியைப் பெற உரிமை இல்லை' என்ற நிபந்தனை பெரும்பாலான பணி விசாக்களில் உண்டு. வருமானம் குறைந்தோருக்கான கவுன்சில் வரிக் குறைப்பு என்ற உதவி பொது நிதியாகக் கருதப்படுகிறது. அந்த நிபந்தனை உள்ளவர் அதற்கு விண்ணப்பித்தால் விசாவுக்கே சிக்கல் வரலாம். ஆனால் தனியாக வாழ்வோருக்கான 25 சதவீதத் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் பொது நிதி அல்ல. வரிப் பிரிவை எதிர்த்து முறையிடுவது உதவி கேட்பதே அன்று. தவறான கணக்கைத் திருத்தக் கேட்பது. விசாவுக்குப் பயந்து இதைத் தவிர்க்கக் காரணமில்லை.

ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து

ஸ்காட்லாந்திலும் 1991 விலையே அடிப்படை. ஆனால் எல்லைகள் வேறு. அங்கு ஏ பிரிவு 27,000 பவுண்டோடு முடிந்துவிடுகிறது. 2,12,000க்கு மேற்பட்டவை எச். பிரிவை முடிவு செய்வோர் ஸ்காட்லாந்து மதிப்பீட்டாளர்கள். புதிதாக வரி செலுத்துவோருக்கு அங்கும் ஆறு மாத வரம்பு உண்டு. மேல்முறையீடுகள் 2023 ஏப்ரல் முதல் ஸ்காட்லாந்தின் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்குச் செல்கின்றன.

வேல்ஸ் மட்டுமே மறுமதிப்பீட்டுக்குத் துணிந்த பகுதி. அங்கு 2003 ஏப்ரல் 1 விலையின் அடிப்படையில், ஐ என்ற ஒன்பதாவது பிரிவும் சேர்க்கப்பட்டு, 2005 ஏப்ரல் முதல் புதிய பட்டியல் நடைமுறையில் உள்ளது. அப்போது மூன்றில் ஒரு பங்கு வீடுகள் மேல் பிரிவுக்குச் சென்றன. இங்கிலாந்து அரசு அஞ்சிப் பின்வாங்கியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். அடுத்த மறுமதிப்பீட்டை 2028இல் நடத்தவும், அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடரவும் 2024ஆம் ஆண்டின் வேல்ஸ் உள்ளாட்சி நிதிச் சட்டம் வழிசெய்கிறது. வேல்ஸ் வீடுகளுக்கான சான்று 2001 ஏப்ரல் முதல் 2005 மார்ச் வரையிலான விற்பனைகள். வட அயர்லாந்தில் கவுன்சில் வரியே இல்லை. அங்குப் பழைய முறையிலான வீட்டு வரி தொடர்கிறது.

இடைத்தரகர்கள்

'உங்கள் வரிப் பிரிவு தவறு, பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருகிறோம்' என்று தொலைபேசியில் அழைக்கும் நிறுவனங்கள் குறித்து முகமை பலமுறை எச்சரித்துள்ளது. கிடைக்கும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்போரும், முகமையின் பெயரைப் பயன்படுத்தி வங்கி விவரம் கேட்கும் மோசடியாளர்களும் இதில் உண்டு. முகவரை அமர்த்திக்கொள்வது சட்டவிரோதம் அன்று. ஆனால் அவர் செய்யும் வேலை, இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பி ஐந்து முகவரிகளை இணைப்பது. அதை வரி செலுத்துபவர் தாமே ஒரு மாலைப் பொழுதில் செய்துவிட முடியும். இந்த முறையீட்டுக்காக முகமை யாரையும் தானாக அழைத்து வங்கி விவரம் கேட்பதில்லை. திரும்ப வரவேண்டிய பணத்தைத் தருவதும் மன்றமே.

இதனிடையே, 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில், இங்கிலாந்தில் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள வீடுகளின் உரிமையாளர்களுக்கு 2028 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 பவுண்டு வரை கூடுதல் வரி விதிக்கப்படும் என்று அரசு அறிவித்துள்ளது. இதற்கு மட்டும் இன்றைய சந்தை மதிப்பு கணக்கிடப்படும். மற்ற வீடுகள் அனைத்துக்கும் 1991 ஏப்ரல் 1 விலையே தொடர்கிறது.